முகப்பிலேயே கிடக்கட்டும் போன்

அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வை முதல் தடவை கோட்டை விட்டபோது, பாடம் அதிகம், நேரம் போதவில்லை என்று வீட்டில் சொன்னேன். அது உண்மை இல்லை. ராத்திரி பத்து மணிக்குப் படுக்கையில் போனை எடுத்தால் ஒரு மணிக்குத்தான் கீழே வைப்பேன். காலையில் கண் திறக்கும் முன்பே கை தலையணைக்கு அடியில் துழாவும்.

இனித் தொடுவதில்லை என்று கொப்புடை அம்மனிடம் வேண்டிக்கொண்டும் பார்த்தேன். நாலு நாள் தாங்கியது. அப்புறம் அப்பத்தாதான் வழி சொன்னார்கள்: "ஏப்பா, அதை முகப்புலயே வச்சுட்டு வந்து படேன்."

எங்கள் செட்டிநாட்டுப் பள்ளத்தூர் வீட்டில் நான் படுப்பது உள்ளே தள்ளி, இரண்டாம் கட்டுப் பகுதியில். வாசல் பக்கத்து முகப்பில் உள்ள அலமாரிக்குப் போக, நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமுமான வளவு முழுவதையும் தாண்ட வேண்டும். முதல் வாரம் இரண்டு ராத்திரி எழுந்து போனேன். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் சில்லிப்பு உள்ளங்காலில் ஏற ஏறத் தூக்கக் கலக்கம் தெளிந்தது. எதற்காக நடக்கிறோம் என்று உறைத்ததும் பாதியில் திரும்பிவிட்டேன். சின்ன வீடு என்றால் பரணில் வையுங்கள், அம்மாவிடம் கொடுங்கள். எழுந்து போய் எடுக்கும்படி இருந்தால் போதும். அலாரத்துக்குத் தனிக் கடிகாரம் கட்டாயம் வாங்குங்கள். அதைச் சாக்கு வைத்துத்தான் போன் மறுபடி படுக்கைக்கு வரும்.

காலை நேரத்தைச் சும்மா விட்டால் பழைய பழக்கம் திரும்ப வந்து உட்காரும். அதனால் காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த கையோடு 25 தமிழ்க் கேள்விகள், வட்டத்தைக் கருப்பாக்கி விடை குறிக்கும் ஓ.எம்.ஆர். தாளில். தேர்வில் வரும் 200 கேள்விகளில் 100 தமிழ். அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்றதில் எவ்வளவு எடுத்தும் பயனில்லை. முன்பெல்லாம் புத்தகத்தில் கோடு போட்டுக்கொண்டே போவேன், எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். மூடிவிட்டுக் கேட்டால் ஒன்றும் வராது. கோடு போடுவதை அன்றோடு நிறுத்தினேன்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பார்கள். நம்பாதீர்கள், 22ஆம் நாள் மனசு விட்டுப்போகும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லல்லி குழுவினர் 96 பேரை வைத்து ஆராய்ந்து 2010இல் வெளியிட்டதில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரி 66 நாள். ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பு இல்லை என்றும் கண்டார்கள். எனக்கு மிகவும் உதவியது இந்தக் கடைசிச் செய்திதான். வீட்டில் முன்னோருக்குப் படைக்கும் படைப்பு வந்தபோது மூன்று நாள் புத்தகத்தைத் தொடவில்லை. பழைய நானாக இருந்தால் அத்தோடு மூட்டை கட்டியிருப்பேன். நாலாம் நாள் காலை டம்ளரைக் கவிழ்த்தேன், தாளை எடுத்தேன்.

கடைசி ஒரு மாதம் காலை 9.30க்கு உட்கார்ந்து 12.30க்குத்தான் எழுந்திருங்கள், தேர்வு நேரமே அதுதான். வீட்டில் எழுதும்போதும் தெரியாத கேள்விக்கு, 'விடை தெரியவில்லை' என்பதற்கான ஐந்தாவது வட்டத்தைக் கருப்பாக்கிப் பழகுங்கள்.