51.1 மில்லிமீற்றர்

வெள்ளவத்தையில் உள்ள எங்கள் வீட்டுக்கு எஸ்பிரசோ இயந்திரம் வந்து இரண்டு வருடங்கள் ஆகின்றன. முதல் ஆறு மாதங்களும் நான் வடித்த கோப்பி ஒரு நாள் கைத்தது, மறுநாள் புளித்தது. அதே கொட்டை, அதே அரைவு, தராசில் நிறுத்த அதே 15 கிராம். ஆனாலும் ஒரு நாள் 18 செக்கனில் மளமளவென்று ஓடி முடிந்தது, இன்னொரு நாள் 40 செக்கன் சென்றும் சொட்டுச் சொட்டாகவே விழுந்தது. இயந்திரத்தையும் கிரைண்டரையும் மாறி மாறிச் சந்தேகித்த பிறகுதான், பெட்டிக்குள் கூடவே வந்த பிளாஸ்டிக் டாம்பர் கண்ணில் பட்டது. ஒரு முனையில் கரண்டியும் மறு முனையில் தட்டை வட்டமுமாக இருந்த அதை, பாஸ்கெட் எனப்படும் துளையிட்ட சிறு உலோகக் கிண்ணத்தில் நிரப்பிய தூளின் மேல் வைத்துப் பார்த்தபோது, வட்டத்தைச் சுற்றி அழுந்தாத தூள் ஒரு வளையமாகத் தெரிந்தது.

டாம்பர் என்பது அரைத்த கோப்பித்தூளைப் பாஸ்கெட்டுக்குள் அமுக்கி இறுகிய வில்லையாக்கும் கருவி. எஸ்பிரசோ இயந்திரம் நீரைச் செலுத்துவதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் அமுக்கம் 9 பார், அதாவது காற்றமுக்கத்தைப் போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு. அவ்வளவு அமுக்கத்தில் வரும் நீர் வில்லையில் எங்கே சிறு தளர்ச்சி கிடைத்தாலும் அந்த இடத்தைப் பிளந்துகொண்டு போய்விடும். இதைத்தான் சானலிங் என்கிறார்கள். நீர் ஓடிய வழியில் உள்ள தூள் அளவுக்கு மீறிக் கரைந்து கைக்கிறது, நீர் சரியாகத் தொடாத தூள் புளிப்பை மட்டும் தருகிறது, இரண்டும் ஒரே கோப்பையில் வந்து சேருகின்றன. இதை நான் விளக்கியபோது அம்மா புட்டுக்குழலைக் காட்டினார். மாவில் ஒரு பக்கம் பொந்து விழுந்தால் ஆவி முழுவதும் அந்த வழியே போய்விடும், மற்றப் பக்கம் வேகாமல் மாவாகவே கிடக்கும் என்றார். புட்டு மாவை அமுக்கக் கூடாது, கோப்பித்தூளை அமுக்க வேண்டும் என்ற வேறுபாடு இருந்தாலும், எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்க வேண்டும் என்ற விதி இரண்டுக்கும் ஒன்றுதான்.

அந்தப் பிளாஸ்டிக் வட்டத்தின் விட்டம் 49 மில்லிமீற்றர். பாஸ்கெட்டை 51 என்று வைத்துக்கொண்டால் சுற்றிலும் ஒரேயொரு மில்லிமீற்றர் இடைவெளிதான்; கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். பரப்பளவைக் கணக்கிட்டால், மொத்தத் தூளில் பதின்மூன்றில் ஒரு பங்கு டாம்பர் தொடாமலே விடப்படுகிறது. அதுவும் நீர் எளிதாக நழுவிச் செல்லக்கூடிய சுவரோரத்தில்.

எனவே டாம்பர் வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது விட்டம்; கைப்பிடியின் அழகும் நிறையும் பிறகு வரட்டும். ஃபேமா நிறுவனம் 1961இல் வெளியிட்ட ஈ61 இயந்திரத்தின் வழியில் வந்த பெரும்பாலான கடை இயந்திரங்களுக்கும், வீட்டு இயந்திரங்களில் காஜியா கிளாசிக், ரன்சிலியோ சில்வியா போன்றவற்றுக்கும் 58 மில்லிமீற்றர் என்பது பொது அளவு. டெலோங்கி டெடிக்கா போன்ற சிறியவற்றுக்கு 51. ஆனால் இவை இயந்திரத்தின் பெயரளவு மட்டுமே. 58 என்று சொல்லப்படும் துல்லிய வகைப் பாஸ்கெட்டுகளுக்கு 58.5 டாம்பர்தான் சுவர் வரை எட்டுகிறது. 54 என்று சொல்லப்படும் சில இயந்திரங்களுக்கோ 53.3 டாம்பர்களை விற்கிறார்கள். ஆகவே பாஸ்கெட்டைக் கையில் எடுத்து அளப்பதே நம்பகமான வழி.

அளக்கும் இடமும் முக்கியம். நான் முதலில் வேணியர் இடுக்கிமானியைப் பாஸ்கெட்டின் வாயில் வைத்து அளந்து ஏமாந்தேன். வாயில் விளிம்பு சற்று விரிந்திருக்கும். அதற்குக் கீழே, பாஸ்கெட்டைத் தாங்கும் கைப்பிடிச் சட்டமான போர்ட்டாஃபில்டரின் கம்பி பிடித்துக்கொள்வதற்காகச் சில பாஸ்கெட்டுகளில் உட்புறம் புடைத்த ஒரு வரை ஓடும். இன்னும் கீழே சுவர் மெல்ல ஒடுங்கும். அமுக்கி முடித்த தூள் எந்த உயரத்தில் நிற்குமோ அந்த உயரத்தில்தான் அளவு எடுக்க வேண்டும். இடுக்கிமானியின் உள்தாடைகளை அந்த ஆழத்துக்கு இறக்கி, மூன்று திசைகளில் அளந்தபோது மூன்றிலும் 51.3 வந்தது.

இணையத்தில் 51 என்று போட்டு வாங்கிய டாம்பர் வீட்டுக்கு வந்தபோது 50.4 தான் இருந்தது. மேற்பூச்சு மட்டும் பளபளத்தது; எங்கள் தெருவின் கடற்காற்றில் நான்கு மாதத்துக்குள் அந்தப் பூச்சும் கொப்புளித்து அடியில் துரு தெரிந்தது. கடலோரத்தில் குடியிருப்பவர்கள் பூச்சுப் போட்ட இரும்பை வாங்காமல், முழுவதும் துருப்பிடிக்காத உருக்கால் ஆனதையே வாங்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன்.

கடைசியில் பாஸ்கெட்டையும் பையில் போட்டுக்கொண்டு பஞ்சிகாவத்தைக்குப் போனேன். வாகன உதிரிப்பாகக் கடைகளுக்கு நடுவே இருந்த ஒரு லேத் பட்டறையில் முதியவர் ஒருவர் பாஸ்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எந்த வாகனத்துச் சாமான், தம்பி?” என்று கேட்டார். “கோப்பி வடிக்கிற மெஷினுக்கு, நானா” என்றேன். அவர் சிரிக்கவில்லை, பாஸ்கெட்டின் சுவரை விரலால் ஒரு சுற்றுத் தடவினார், தம் இடுக்கிமானியாலேயே மீண்டும் அளந்தார், 304 ரக உருக்குத் துண்டு ஒன்றை எடுத்து லேத்தில் பூட்டினார். முக்கால் மணி நேரத்தில், அடி முழுத் தட்டையாக, விளிம்பு கூராக, சரியாக 51.3 மில்லிமீற்றர் விட்டத்தில் உருக்கு வட்டு ஒன்று என் உள்ளங்கையில் இருந்தது. முதிரைக் கட்டையில் கைப்பிடியைப் பக்கத்துத் தச்சர் கடைந்து கொடுத்தார்.

அன்று மாலையே தவறு தெரிந்துவிட்டது. டாம்பரை அமுக்கிவிட்டு மேலே தூக்கியபோது ‘பொக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. விளிம்பில் காற்றுப் போகவும் வரவும் இடமில்லாததால், தூக்கும்போது கீழே வெற்றிடம் உண்டாகி, இறுகிய தூளை மேலே இழுத்துவிட்டது. தூள் வில்லையின் நடுவில் மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. மறுநாள் மீண்டும் போனேன். பட்டறை நானா ஒரு வார்த்தை பேசாமல் 0.2 மில்லிமீற்றர் சீவித் தந்தார். 51.1 என்ற அளவு அப்படித்தான் கிடைத்தது. அன்று முதல் இன்று வரை அந்தச் சத்தமும் இல்லை, சுவரோரத்தில் வளையமும் இல்லை.

எவ்வளவு பலமாக அமுக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் மிகுதியாகப் பேசுகிறார்கள். 30 இறாத்தல், அதாவது 13.6 கிலோகிராம் அளவு என்பது பல காலமாகச் சொல்லப்பட்டுவரும் விதி. ஆள் நிறை பார்க்கும் தராசின் மேல் போர்ட்டாஃபில்டரை வைத்து 10 கிலோவரை ஒரு தடவையும் 20 கிலோவரை ஒரு தடவையும் அமுக்கி, பல நாட்கள் மாறி மாறி வடித்துப் பார்த்தேன். ஓடும் நேரத்தில் ஓரிரு செக்கனுக்கு மேல் வேறுபாடு வரவில்லை. காரணம் எளிது. 51 மில்லிமீற்றர் விட்டமுள்ள வில்லையின் மேல் 9 பார் அமுக்கத்தில் நீர் தரும் மொத்த விசை ஏறத்தாழ 187 கிலோகிராம் பாரத்துக்குச் சமம். 58 மில்லிமீற்றரானால் 242. அதற்கு முன்னால் நம் கையின் ஐந்து பத்துக் கிலோ ஏற்றத்தாழ்வு எம்மாத்திரம்? தூள் இனி இறங்காது என்று கை உணர்ந்ததும் நிறுத்திவிடலாம். அதற்கு மேல் அமுக்குவது மணிக்கட்டுக்குத்தான் கேடு.

சாய்வு அப்படியல்ல. ஒரு பக்கம் தாழ்ந்து மறுபக்கம் உயர்ந்தால், மெலிந்த பக்கமாக நீர் விரைந்து போகும். அதனால் நான் மேசையின் விளிம்பில் போர்ட்டாஃபில்டரை வைத்து, முழங்கையை டாம்பருக்கு நேர் மேலே கொண்டுவந்து, மணிக்கட்டை மடக்காமல், கைப்பிடியைக் கதவுக் குமிழைப் பிடிப்பது போல் உள்ளங்கையில் பொருத்துகிறேன். பெருவிரலும் சுட்டுவிரலும் உருக்கின் விளிம்பைத் தொட்டு, பாஸ்கெட்டின் வாயிலிருந்து இரு பக்கமும் ஒரே ஆழம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கின்றன. கண்ணை விட விரல் இதில் நம்பகமானது. அமுக்கிய பிறகு போர்ட்டாஃபில்டரின் பக்கவாட்டில் டாம்பரால் தட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள், சுவரோடு ஒட்டி நிற்கும் தூள் அந்தத் தட்டலில் விலகிவிடும்.

அமுக்குவதற்கு முன் தூளைச் சீராக்குவதும் இதே அளவுக்கு முக்கியம் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. கொழும்பின் ஈரக் காற்றில், அதுவும் மழை நாட்களில், என் கிரைண்டரிலிருந்து தூள் சிறு கட்டிகளாகவே விழுகிறது. ஊசியால் தூளைக் கிளறி விடும் முறையை 2005இல் ஜோன் வைஸ் என்பவர் அறிமுகப்படுத்தினார். நான் ஒரு தக்கையில் நான்கு மெல்லிய ஊசிகளைக் குத்தி வைத்திருக்கிறேன். அடியிலிருந்து மேல் வரை பத்துச் செக்கன் வட்டமாகக் கிளறினால் கட்டிகள் உடைந்துவிடும். கட்டியும் பொந்துமாகக் கிடக்கும் தூளை எந்த டாம்பராலும் சீராக்க முடியாது.

குறித்த விசையில் நின்றுவிடும் சுருள்வில் வைத்த டாம்பர்களும் கிடைக்கின்றன. ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் வடிப்பதானால் அவை உதவும். தனியாக வடிப்பவருக்கு அந்தப் பணத்தை நல்ல கொட்டைக்குச் செலவிடுவதே நலம் என்பது என் எண்ணம். இன்னொன்று: பல வீட்டு இயந்திரங்களுடன் வருவது, அடியில் ஒரேயொரு நுண்துளை உள்ள இரட்டைச் சுவர்ப் பாஸ்கெட். அதில் அமுக்கத்தை உண்டாக்குவது அந்தத் துளைதான். டாம்பரின் அளவு பெரிதாக எதையும் மாற்றாது. முதலில் ஒற்றைச் சுவர்ப் பாஸ்கெட் வாங்குங்கள், டாம்பரை அதற்குப் பிறகு பாருங்கள்.

இப்போது 15 கிராம் தூளிலிருந்து 30 கிராம் கோப்பி, 27 முதல் 29 செக்கனுக்குள், நாளுக்கு நாள் மாறாமல் வருகிறது. தெஹிவளையில் இருக்கும் அக்கா தன் 54 மில்லிமீற்றர் இயந்திரத்தின் பாஸ்கெட்டை வரும் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறா. உள்ளே எங்கே அளக்க வேண்டும் என்று இந்த முறை எனக்குத் தெரியும், 0.2 குறைத்தே நானாவிடம் சொல்வேன்.