ஒரு லிட்டர் என்றால் எத்தனை டம்ளர்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவ முகாமுக்காக, வயிற்றுப்போக்கில் உடல் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுசெய்யக் குடிக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசல் தயாரிக்கும் முறையை விளக்கும் துண்டறிக்கை ஒன்றை எழுதிக் கொடுத்தேன். கருவிகளுக்குப் பயன்பாட்டுக் கையேடு எழுதுவதே என் தொழில் என்பதால், அரைப் பக்கத் துண்டறிக்கை எளிய வேலையாகத் தோன்றியது. ‘ஒரு பாக்கெட் பொடியை ஒரு லிட்டர் தூய நீரில் கரைக்கவும்’ என்பது அதன் முதல் வரி. முகாமில் அதைப் படித்த ஒரு தாய், “ஒரு லிட்டர்னா எத்தனை டம்ளருங்க?” என்று கேட்டார். அவர் வீட்டு டம்ளர் எவ்வளவு பிடிக்கும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அந்த வரியை எழுதும்போது நான் அவருடைய சமையலறையை நினைக்கவே இல்லை.

அளவு பிசகினால் பிசகட்டும் என்று விடக்கூடிய பொருள் அன்று இது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2002 முதல் பரிந்துரைக்கும் கலவையில், ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் உள்ளன. பொட்டாசியம் குளோரைடு, சிட்ரேட் ஆகியவற்றையும் சேர்த்தால் மொத்தம் 20.5 கிராம். குடல் குளுக்கோஸை ஈர்க்கும்போது உப்பிலுள்ள சோடியமும் உடன் செல்கிறது, அவற்றைத் தொடர்ந்து நீரும் உள்ளே செல்கிறது. ஒரு லிட்டருக்கான பொடியை ஒரே டம்ளரில் கரைத்துக் கொடுத்தால், குழந்தையின் ரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். நீர் மிகுந்தாலோ கரைசலின் பயன் குறையும். கடைகளில் 200 மில்லி நீருக்கான சிறிய பாக்கெட்டும் கிடைப்பதால், ‘ஒரு பாக்கெட்’ என்ற என் சொல்லே பிழையானது. பாக்கெட்டின் மேல் எத்தனை மில்லி என்று போட்டிருக்கிறது எனப் பார்க்கச் சொல்வதே முதல் வரியாக இருந்திருக்க வேண்டும்.

வங்கதேசத்தில் பிராக் என்னும் தொண்டு அமைப்பு 1980 முதல் பத்தாண்டுகள் வீடு வீடாகச் சென்று, ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு உப்பும் வெல்லமும் சேர்ந்த கரைசலைக் கற்றுக்கொடுத்தது. மூன்று விரல்களால் கிள்ளிய உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) நீர் என்று அங்கே அளவு தாயின் கையிலேயே இருந்தது. கற்றுக்கொடுத்த பெண்களின் ஊதியமோ, பின்னர் நடத்திய சோதனையில் தாய்மார்கள் எவ்வளவு நினைவில் வைத்திருந்தார்கள், எவ்வளவு சரியாகக் கலக்கினார்கள் என்பதைப் பொறுத்தது. தொழில்நுட்ப எழுத்தை மதிப்பிட இதைவிட நேர்மையான அளவுகோலை நான் அறியேன்.

என் துண்டறிக்கையை மீண்டும் எடுத்துப் பார்த்தபோது, தமிழ் வாக்கிய அமைப்பே சில இடங்களில் படிப்பவரைத் தடுமாறச் செய்வது புரிந்தது. ‘பொடியைக் கொட்டிக் கலக்கும் முன் கைகளைக் கழுவவும்’ என்று எழுதியிருந்தேன். இலக்கணப்படி குறையில்லை, ஆனால் ஒவ்வொரு சொல்லாகப் படித்துக்கொண்டே வேலை செய்பவர், ‘கழுவவும்’ என்ற சொல்லை எட்டுவதற்குள் பொடியைக் கொட்டிவிட்டிருப்பார். ‘பொடியைப் பாதியாகப் பிரித்துப் பயன்படுத்தக் கூடாது’ என்பதிலும் மறுப்பு கடைசியில்தான் வருகிறது. அதுவரை அது பிரிக்கச் சொல்லும் வாக்கியமாகவே நிற்கிறது. ‘முதலில் கைகளைக் கழுவுங்கள். பாக்கெட்டில் உள்ள பொடி முழுவதையும் கொட்டுங்கள்’ என்று மாற்றினேன். ‘கரைக்கப்பட வேண்டும்’ போன்ற செயப்பாட்டு வினைகளையும், ‘அவ்வப்போது’, ‘தேவையான அளவு’ போன்ற சொற்களையும் நீக்கினேன். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை பேதியான பிறகும் 50 முதல் 100 மில்லி என்று எண்ணாகச் சொல்ல முடிகிறபோது, ‘அவ்வப்போது’ எதற்கு? கரைசல் என்று தொடங்கியதைப் பிறகு திரவம் என்றும் பானம் என்றும் அழைத்திருந்தேன். கட்டுரைக்கு அது நயம், இங்கே மூன்று வெவ்வேறு பொருள்கள் என்ற மயக்கம்.

டம்ளருக்குப் பதிலாக, கடையில் விற்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை அளவாக வைத்தேன். புதிய துண்டறிக்கையையும் பாக்கெட்டையும் காலி பாட்டிலையும் சில தாய்மார்களிடம் கொடுத்து, எதுவும் பேசாமல் அருகில் அமர்ந்தேன். ஒருவர் பாட்டிலில் நீரை நிரப்பி, அதன் குறுகிய வாயிலேயே பொடியைக் கொட்டினார். கணிசமான பகுதி வெளியே சிந்தியது. ‘பாட்டிலால் அளந்த நீரை ஒரு பாத்திரத்தில் ஊற்றுங்கள்’ என்ற வரி அன்று மாலைதான் சேர்ந்தது.