தம்பி கடையும் பெரியப்பா டிரஸ்ட்டும்

2022-ல் பெரியப்பா காரியம் முடிந்த கையோடு டிரஸ்ட் பீரோ சாவியை என்னிடம் கொடுத்து, இனி நீதான் மேனேஜிங் டிரஸ்டி என்றார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட அவர் ஏற்படுத்திய அறக்கட்டளை அது, கடைத்தெருவில் உள்ள 4 கடைகளின் வாடகைதான் வருமானம். ஜூன் மாதம் நாலு செக் கிழித்துக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன்.

ஆடிட்டர் கேட்ட முதல் கேள்வி, "டிரஸ்ட் பத்திரத்தைப் படிச்சீங்களா சார்?" படிக்கவில்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். சொத்து சம்பந்தமான எந்த முடிவுக்கும் டிரஸ்டிகளின் தீர்மானம் வேண்டும் என்று தெளிவாகவே இருந்தது. கூட்டத் தீர்மானங்களை எழுதும் மினிட் புத்தகத்தை எடுத்தால் கடைசிப் பதிவு 2011!

1882-ம் வருஷத்து டிரஸ்ட் சட்டம் தனியார் டிரஸ்ட்டுகளுக்குத்தான், நம்முடையது போன்ற பொது தர்மத்துக்கு அது நேரடியாகப் பொருந்தாது. ஆனால் கோர்ட் டிரஸ்டியை அளப்பது பெரும்பாலும் அதே கோலால்தான் என்றார் ஆடிட்டர். சொந்தச் சொத்தைப் பார்ப்பது போலக் கவனமாகப் பார்க்கணும், கணக்கு சுத்தமாக இருக்கணும், டிரஸ்ட் சொத்தில் நாம் லாபம் பார்க்கக் கூடாது. இன்னொரு டிரஸ்டி தப்பு செய்வது தெரிந்தும் சும்மா இருந்தால் நமக்கும் பொறுப்பு உண்டு. இதைக் கேட்டதும் கூட வந்திருந்த, இன்னொரு டிரஸ்டியான அத்தை முகம் வெளுத்துவிட்டது, பாவம், அவர் இத்தனை வருஷமும் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்.

வருமான வரி பக்கம் அலைச்சல்தான் அதிகம். வருமானத்தில் 85 சதவீதம் அந்த வருஷமே தர்மத்துக்குச் செலவாகணும், இல்லையென்றால் உரிய படிவம் கொடுத்து 5 வருஷம் வரை சேர்த்து வைக்கலாம். வரிவிலக்குக்கான பழைய 12ஏ பதிவையும் ஆன்லைனில் புதுப்பித்தோம். சரி, அது போகட்டும்.

வயிற்றைக் கலக்கியது வாடகைக் கணக்கு. மூன்று கடைக்கு மாதம் 8,000, நாலாவதுக்கு மட்டும் 1,500. நாலாவது என் சொந்தத் தம்பி கடை. பெரியப்பா பாசத்தில் விட்டுவிட்டார், ஆனால் இப்போது அது டிரஸ்டியின் தம்பிக்குக் கொடுத்த சலுகை, அப்போதிருந்த 1961-ம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தின் 13-வது பிரிவில் மாட்டும். வருஷத்துக்கு 78,000 ரூபாய் வித்தியாசம். அதற்கு 30 சதவீத வரி, போதாததற்கு அதே 78,000 அளவுக்கு அபராதமும் போடலாம், இரண்டாம் தடவை மாட்டினால் அபராதம் இரட்டிப்பு.

தம்பியிடம் சொன்னபோது அவன் கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தான். நிமிரவேயில்லை. "பெரியப்பா இருந்திருந்தா இப்படிக் கேட்டிருப்பாராண்ணா?" என்றான். என்னிடம் பதில் இல்லை. தீர்மானம் போட்ட அன்று, எனக்கு உறவு என்பதால் நான் வெளியே திண்ணையில் உட்கார்ந்துகொண்டேன், அத்தையும் மூன்றாவது டிரஸ்டியான ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரும் பேசி 8,000 என்று முடிவு செய்து மினிட்டில் எழுதினார்கள். எட்டு மாதம் அவன் என்னோடு பேசவில்லை, வாடகை மட்டும் 5-ம் தேதி பேங்கில் விழுந்துவிடும்.

அத்தை இப்போது கண்ணாடி போட்டு ஒவ்வொரு வரியும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார். போன கூட்டத்தில் என் கூட்டலில் 400 ரூபாய் உதைக்கிறது என்று பேனாவை மூடி வைத்துவிட்டார், சரிபார்த்தால் அவர் சொன்னதுதான் சரி.