வலைச்சரத்தில் என் ஒரு வாரம்

வலைச்சரம் என்ற கூட்டு வலைப்பூவுக்கு ஒரு வாரம் ஆசிரியராக இருக்க இயலுமா என்று கேட்டு 2012இல் எனக்கு மின்னஞ்சல் வந்தது. பழைய வலைப்பதிவர்களுக்கு இந்த ஏற்பாடு நினைவிருக்கும். திங்கள்கிழமை தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் பதிவர், அதன் பிறகு ஞாயிறு வரை பிறருடைய இடுகைகளைச் சுட்டி கொடுத்து அறிமுகப்படுத்த வேண்டும். அத்துடன் பொறுப்பு அடுத்தவருக்குப் போய்விடும். யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதை அந்த வார ஆசிரியரே முடிவு செய்யலாம் என்பது எனக்கு முதலில் பெருமையாக இருந்தது.

முதற் பட்டியலை ஒரே மாலையில், பல வலைப்பூக்களின் புதிய இடுகைகளை ஒரே இடத்தில் காட்டிய கூகுள் ரீடரில் நான் தொடர்ந்து வந்த செய்தியோடைகளைப் பார்த்தே எழுதி முடித்துவிட்டேன். முப்பத்திரண்டு பெயர்கள் வந்தன. அவற்றில் இருபத்துமூன்று பேர் என் வலைப்பூவில் தவறாமல் பின்னூட்டம் இடுகிறவர்கள் என்பது மறுநாள் காலையில்தான் உறைத்தது. கல்யாண வீட்டு மொய்யைப் போல, வைத்தவருக்குத் திருப்பி வைக்கும் பழக்கம் அன்று பதிவுலகம் முழுவதும் இருந்தது. வலைப்பூ இடுகைகளைத் தொகுத்துக் காட்டிய தமிழ்மணம் என்ற திரட்டியின் வாக்குப்பட்டையில் வாக்களித்துவிட்டு, இடுகையைப் படித்ததற்கான அடையாளம் எதுவுமின்றி 'அருமை, த.ம. 4' என்று, அதாவது தமிழ்மணத்தில் நான்காவது வாக்கு என்னுடையது என்று, எழுதிச் செல்வோம். நானும் அப்படித்தான் எழுதினேன். அந்த மொய் நோட்டை அறிமுகம் என்ற பெயரில் பொது இடத்தில் வாசிக்க இருந்தேன் என்று தெரிந்ததும் பட்டியலைக் கிழித்தேன்.

பிறகு எனக்கு நானே சில வரம்புகளை வகுத்துக்கொண்டு, அவற்றைத் திங்கள்கிழமை இடுகையிலேயே எழுதியும் விட்டேன். என்னிடம் வந்து போகிறவர்கள் ஒரு நாளைக்கு ஒருவருக்கு மேல் இடம்பெறக் கூடாது. இடுகையை இறுதிவரை படித்திருக்க வேண்டும். ஏன் பிடித்தது என்று ஒரு வாக்கியமாவது சொல்ல வேண்டும். மூன்றாவதுதான் கடினமாக இருந்தது, ஏனெனில் 'நகைச்சுவையாக எழுதுகிறார்' என்பதைத் தாண்டிச் சொல்ல ஒன்றுமில்லாத இடுகைகள் அந்த இடத்திலேயே கழிந்துவிட்டன. புதியவர்களைத் தேட, ஒரு நல்ல இடுகையின் பின்னூட்டங்களில் சிந்தித்து எழுதியிருந்தவர்களின் பெயர்களைச் சொடுக்கிச் சொடுக்கிச் சென்றேன். திரட்டிகளின் முகப்பில் கிடைத்ததைவிட அந்த வழியில் கிடைத்தவையே தரமாக இருந்தன.

புதன்கிழமை சறுக்கினேன். கிணறு வெட்டுவதைப் பற்றி நான் வியந்து அறிமுகப்படுத்திய இடுகை வேறொருவருடையது என்று ஒரு வாசகர் பின்னூட்டத்தில் எழுதினார். இரண்டையும் திறந்து பார்த்தேன். நான் சுட்டியிருந்த பக்கத்தில்தான் முந்தைய தேதி இருந்தது. அதை நம்பி மறுமொழி எழுதவும் தொடங்கிவிட்டேன். ஆனால் பிளாக்கர் என்ற வலைப்பூத் தளத்தில் இடுகையின் தேதியை எழுதியவரே மாற்றிக்கொள்ளலாம், பின்னூட்டத்தின் தேதியை அப்படி மாற்ற முடியாது. நான் சுட்டியிருந்த பக்கத்தின் முதல் பின்னூட்டம், மற்றப் பக்கத்தின் முதல் பின்னூட்டத்தைவிட ஐந்து மாதம் பிந்தியிருந்தது. போதாததற்கு, மூலத்தில் 'கயிறு' என்பது ஓரிடத்தில் 'கயிரு' என்று தவறியிருந்தது. அதே இடத்தில் அதே 'கயிரு' இங்கேயும் இருந்தது.

அறிமுகத்தை அழித்துவிடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். அழித்தால் சுட்டிக்காட்டியவரின் பின்னூட்டம் அந்தரத்தில் தொங்கும். நானும் தவறே செய்யாதவனைப் போல நிற்பேன். ஆகவே வரிகளைக் குறுக்குக்கோடிட்டு வைத்து, கீழே நடந்ததைக் கூறி, மூல ஆசிரியரின் சுட்டியைச் சேர்த்தேன். எடுத்தாண்டவருக்கு முதலில் தனிமடல் எழுதி, ஒரு நாள் விடைக்காகக் காத்திருந்த பிறகே இதைச் செய்தேன். விடை வரவில்லை, அவருடைய இடுகை மட்டும் காணாமற்போயிருந்தது.

கவிதைக்கு ஏன் ஒரு நாள்கூட ஒதுக்கவில்லை என்று வெள்ளிக்கிழமை இருவர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எனக்குக் கவிதையில் தேர்ச்சியில்லை என்று ஒப்புக்கொண்டேனே தவிர, சமாதானத்துக்காக எதையும் பொறுக்கிப் போடவில்லை. அதில் இன்றும் எனக்கு வருத்தமில்லை.

ஞாயிறு இரவு, இடமில்லாமல் மிஞ்சிய ஒன்பது சுட்டிகளை, நான் குறித்து வைத்திருந்த ஒற்றை வாக்கியங்களோடு அடுத்த வார ஆசிரியருக்கு அனுப்பினேன். அவர் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டார். காரணம் நான் கேட்கவில்லை. அவருடைய வாரம் தொடங்கியிருந்தது.