மறு அறிவித்தல் வரை: ஒரு பிரதேச சபைச் செயலாளரின் நாட்குறிப்பு

22.06.2022, புதன்கிழமை

எரிபொருள் தட்டுப்பாட்டால், இன்றியமையாத உத்தியோகத்தர்களை மட்டும் கடமைக்கு அழைக்குமாறு கூறும் சுற்றுநிருபம் திங்கட்கிழமை முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. ஏனையோர் வீட்டிலிருந்தே வேலை செய்ய வேண்டுமாம். கொழும்பில் கோப்பு எழுதும் அமைச்சு ஒன்றுக்கு இது பொருந்தக்கூடும். வீட்டிலிருந்தபடி குப்பை அள்ளுவதற்கும், மலக்குழியை வெறுமையாக்குவதற்கும், தண்ணீர்ப் பௌசரை ஓட்டுவதற்கும் எங்கள் சுகாதாரத் தொழிலாளர்களுக்கு யாரும் வழி சொல்லித் தரவில்லை. அவர்களுள் பாதிப்பேர் ஐந்தாறு மைல் சைக்கிள் மிதித்துத்தான் காலை ஆறரை மணிக்கு வந்து நிற்கிறார்கள். நானும் இரண்டு வாரங்களாக சைக்கிளில்தான் வருகிறேன்.

களஞ்சியப் பொறுப்பாளர் டீசல் பீப்பாவுக்குள் தடியை விட்டு அளந்து பார்த்துவிட்டு, "சேர், சிக்கனமா ஓடினா வெள்ளி வரைக்கும் காணும்" என்றார். முதலில் குடிநீர், அடுத்து வைத்தியசாலையின் மலக்கழிவு, அதன் பிறகே குப்பை என்று தவிசாளரும் நானும் வரிசைப்படுத்தினோம். தெருவிளக்குத் திருத்தத்தை அந்த வரிசையில் சேர்க்கவே இல்லை. மின்வெட்டு நேரத்தில் எரியாத விளக்கைத் திருத்தி என்ன பயன்?

29.06.2022, புதன்கிழமை

அத்தியாவசிய சேவைகளைத் தவிர வேறெவருக்கும் ஜூலை 10 வரை எரிபொருள் இல்லை என்று திங்கட்கிழமை அறிவித்துவிட்டார்கள். உள்ளூராட்சிச் சேவைகள் அத்தியாவசியமானவை என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனாலும் அத்தியாவசியம் என்று எழுதிய கடிதத்தைக் காட்டினால் நிரப்பு நிலையத்தின் வெற்றுத் தாங்கியில் டீசல் ஊறிவிடப்போவதில்லை. கடந்த டிசம்பரில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல் ஞாயிற்றுக்கிழமை முதல் 460 ரூபா. பாதீட்டில் எரிபொருளுக்கு ஒதுக்கிய தொகை பழைய விலைக்குரியது. ஆகவே டீசல் தட்டுப்பாடின்றிக் கிடைத்தாலும் ஆண்டு முடியும்வரை வாங்குவதற்கு எங்களிடம் பணம் இருக்காது.

பிற்பகல் விசேட கூட்டம் நடந்தது. குப்பை ஏற்ற ஒழுங்கைகளுக்குள் கிழமையில் இரண்டு தடவை சென்ற உழவு இயந்திரத்தை ஒரு தடவையாகக் குறைப்பது என்று தீர்மானிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்து வீடுகளுக்குப் பெரும்பாலும் வளவு உண்டு, உக்கும் கழிவை வாழையடியில் தாட்டுவிடலாம் என்பதே நாங்கள் முன்வைத்த நியாயம். ஓர் உறுப்பினர் மட்டும் எழுந்து, "வளவு உள்ளவன் தாப்பான். ஒரு பரப்புக்குள்ள வீடும் கிணறும் கக்கூசும் வைச்சிருக்கிறவன் எங்க தாக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நமது நிலத்தின் அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். மேலே போடுவதை அது வடித்து நிறுத்துவதில்லை, கிணற்றுக்கே அனுப்பிவிடும். அவருடைய எதிர்ப்பைக் கூட்டறிக்கையில் பதிந்தோம், தீர்மானத்தையும் நிறைவேற்றினோம்.

எத்தனை நாட்களுக்கு என்ற வினா எழுந்தபோது ஒருவர் மூன்று மாதம் என்றார், இன்னொருவர் ஆறு மாதம் என்றார். இழுபடாமல் முடிப்பதற்காக "நிலைமை சீராகும்வரை, மறு அறிவித்தல் வரை" என்ற சொற்களை நானே எழுதிக் கொடுத்தேன். எல்லோரும் சம்மதித்தார்கள்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது கார்பரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய கதையை மூத்த சாரதி இளையவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குரலில் இருந்தது பெருமையா சலிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை.

18.08.2022, வியாழக்கிழமை

ஜூலை நடுப்பகுதியில் பிரகடனப்படுத்திய அவசரகால நிலை நீடிக்கப்படாமல் இந்த வாரத்துடன் காலாவதியாகிறது. ஒரு ஜனாதிபதி நாட்டைவிட்டு வெளியேறி, பதில் கடமை ஆற்றியவர் பாராளுமன்றத்தில் 134 வாக்குகளால் ஜனாதிபதியான அந்த நாட்களில், எங்கள் சந்தைக் குத்தகைக்காரர் வாடகைக் குறைப்புக் கேட்டு மூன்று கடிதங்கள் தந்திருந்தார். அவற்றுக்குப் பதில் எழுதுவதே அப்போது என் அரசியல்.

பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தை மீண்டும் எடுத்துப் படித்தேன். அவசரகாலப் பிரகடனம் ஒரு மாதத்துக்கே உயிருடன் இருக்கும். நீடிக்க வேண்டுமானால் புதிதாகப் பிரகடனம் செய்து பாராளுமன்றத்தின் அனுமதியையும் பெற வேண்டும். அந்த அதிகாரத்தால் எங்கள் ஊர் பட்டதை மறப்பதற்கில்லை; எனினும் அதற்குக்கூட ஒரு முடிவுத் திகதியை வைத்திருக்கிறார்கள். நான் எழுதிக் கொடுத்த குப்பைத் தீர்மானத்துக்கு அது இல்லை.

எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை வந்து இரண்டு வாரங்களாகின்றன. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர். நல்லூர்த் திருவிழாவுக்குப் போவோர் அதைச் சேமித்து வைக்கிறார்கள். சபை வாகனங்களுக்கும் பங்கீடு கிடைக்கிறது, ஆனால் அது ஐப்பசி மழைக்கு முன் வெள்ள வாய்க்கால்களைத் துப்புரவு செய்யும் இயந்திரத்துக்கே போய்விடுகிறது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இங்கே ஆறு கிடையாது. வாய்க்கால் அடைபட்டால் வெள்ளம் வீட்டுக்குள்தான் வரும், அது வடிந்த பிறகு மார்கழியில் டெங்கு தொடங்கும்.

30.12.2022, வெள்ளிக்கிழமை

அறுபது வயதைக் கடந்த அரச ஊழியர் அனைவரும் நாளையுடன் ஓய்வு பெற வேண்டும் என்பதால் எங்களிடமிருந்து நால்வர் விடைபெற்றார்கள். வடையும் தேநீரும் கொடுத்து அனுப்பினோம். வெற்றிடங்களை நிரப்ப அனுமதி இல்லை.

நால்வருள் சோலைவரிப் பகுதி எழுதுவினைஞர் போனதுதான் பெரிய இழப்பு. எந்த வீட்டுக்காரர் கனடாவில் இருக்கிறார், வரியை எந்த மருமகன் கட்டுவார், எந்த வளவு மூன்றாகப் பிரிந்தும் பதிவேட்டில் ஒன்றாகவே கிடக்கிறது என்பதெல்லாம் அவர் நினைவில்தான் இருந்தன. கடைசி இரண்டு வாரங்கள் அவரை என் அறையில் இருத்திச் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு கொப்பி நிரம்பியது. இன்னும் ஒரு கொப்பிக்கு இருந்திருக்கும்.

20.03.2023, திங்கட்கிழமை

நேற்று நள்ளிரவுடன் நாடெங்கும் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தது. 2018 இல் தெரிவான சபைகளுக்கு ஏற்கெனவே ஓராண்டு நீடிப்பு வழங்கியிருந்தார்கள். மார்ச் 9 அன்று நடந்திருக்க வேண்டிய தேர்தல், பணமில்லை என்ற காரணத்தால் நடக்கவில்லை. தவிசாளர் வெள்ளிக்கிழமையே வாகனத்தின் திறப்பையும் இறப்பர் முத்திரையையும் ஒப்படைத்து, "இனி எல்லாம் நீங்கள்தான்" என்று சிரித்தார். அவர் விளையாட்டாகச் சொன்னது சட்டப்படியும் சரி: சபை இல்லாத காலத்தில் சபையின் அதிகாரம் செயலாளரிடம் வந்துவிடுகிறது.

இன்று ஒரு மதகு திருத்தத்துக்கான மதிப்பீட்டைச் செயலாளர் என்ற முறையில் சபைக்குப் பரிந்துரைத்தேன்; பின்னர் சபை என்ற முறையில் அதே பேனாவால் அனுமதித்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. முன்பு இதற்கு ஒரு மாதக் கூட்டமும், இரண்டு வட்டாரங்களுக்கிடையே ஒரு சண்டையும், ஒரு வெளிநடப்பும் வேண்டியிருந்தன. வேலை இலகுவாகிவிட்டது என்று அலுவலகத்தில் சிலர் வெளிப்படையாகவே மகிழ்கிறார்கள். எனக்கும் அந்த மகிழ்ச்சி இல்லாமலில்லை. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

யாழ்ப்பாணத்துக்கு இது புதிதல்ல. 1983 இல் பகிஷ்கரிப்பின் நடுவே நடந்த தேர்தலுக்குப் பின் 1998 ஜனவரி வரை இங்கே தேர்தல் இல்லை. அப்படி வந்த மாநகர சபையிலும், முதல்வர் சரோஜினி யோகேஸ்வரன் அந்த ஆண்டு மே மாதத்திலும் அவருக்குப் பின் வந்த பொன். சிவபாலன் செப்டெம்பரிலும் கொல்லப்பட்டார்கள். அடுத்த தேர்தல் மாநகர சபைக்கு 2009 இலும் பிரதேச சபைகளுக்கு 2011 இலும்தான் நடந்தது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளை உருவாக்கியது முதல், எங்கள் பகுதியில் உறுப்பினர்கள் அமர்ந்த ஆண்டுகளைவிட அமராத ஆண்டுகளே அதிகம். ஆகவே உத்தியோகத்தர்களாகிய எங்களுக்குத் தனியே ஓட்டுவது நன்றாகப் பழகியிருக்கிறது. அளவுக்கு மீறியே பழகியிருக்கிறது.

01.09.2023, வெள்ளிக்கிழமை

கியூஆர் முறை இன்றுடன் கைவிடப்பட்டது. வேண்டிய அளவு எரிபொருள் அடிக்கலாம். மாலையில் வீட்டுக்குப் போகும்போது மோட்டார் சைக்கிளின் தாங்கியை நிரப்பிக்கொண்டு, நீண்ட நாட்களுக்குப் பிறகு சுற்றுப் பாதையால் போனேன்.

இரவு உணவின்போதுதான் அந்தச் சொற்கள் நினைவுக்கு வந்தன: "நிலைமை சீராகும்வரை." இன்றைய நாள் அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் குப்பை ஏற்றும் இரண்டாவது சுற்றுக்கு ஆட்கள் இல்லை. ஓய்வு பெற்றவர்களின் இடம் இன்னும் வெறுமை. ஓர் உழவு இயந்திரப் பெட்டியின் தட்டு துருப்பிடித்துப் போயிற்று, இரண்டு ரயர்கள் மாற்ற வேண்டும். முறைப்பாட்டுப் பதிவேட்டில் இதைப் பற்றி இவ்வாண்டு ஏழெட்டுப் பதிவுகளுக்கு மேல் இல்லை. சனம் பழகிவிட்டது என்று எண்ணி, அடுத்த ஆண்டுப் பாதீட்டில் பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். அந்தப் பாதீட்டைத் தயாரிப்பவனும் நான், நிறைவேற்றுபவனும் நான்.

22.08.2024, வியாழக்கிழமை

உள்ளூராட்சித் தேர்தலை நடத்தாமல் விட்டது மக்களின் அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் இன்று தீர்ப்பளித்திருக்கிறது. அலுவலகத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஜனாதிபதித் தேர்தல் கடமைக்கான கடிதங்கள் வந்திருந்தன.

17.07.2025, வியாழக்கிழமை

மே 6 இல் தெரிவான புதிய சபை, கடந்த மாதத் தவிசாளர் தெரிவுக்குப் பின் நடத்திய வழமையான கூட்டம் இன்று காலை ஒன்பதரைக்குத் தொடங்கிப் பிற்பகல் இரண்டு மணி தாண்டி முடிந்தது. எந்தக் கட்சிக்கும் பாதி ஆசனம் இல்லாததால் ஒவ்வொரு விடயமும் இழுபட்டது. ஒலிவாங்கி இரண்டு தடவை நின்றது. இந்தச் சத்தத்துக்கு என் காது மறுபடி பழகச் சில மாதங்கள் ஆகும்.

முப்பது வயதைத் தாண்டாத ஒரு பெண் உறுப்பினர், மகளிர் ஒதுக்கீட்டில் பட்டியல் வழியாக வந்தவர், தன்னுடைய குடியேற்றத் திட்டத்தின் ஒழுங்கையில் குப்பை உழவு இயந்திரம் ஏன் கிழமைக்கு ஒரு தடவை மட்டும் வருகிறது என்று கேட்டார். அங்கே வீட்டுக்கு ஒரு பரப்புக் காணிதான். எரிக்காவிட்டால் சொப்பிங் பையில் கட்டி வாய்க்காலுக்குள் எறிவதைத் தவிர வழியில்லை என்றார். 2022 ஆம் ஆண்டுத் தீர்மானத்தை வாசித்துக் காட்டினேன். எரிபொருள் நெருக்கடி காரணமாக, நிலைமை சீராகும்வரை, மறு அறிவித்தல் வரை.

"அப்ப நிலைமை எப்ப சீரானது, செயலாளர் ஐயா?"

மண்டபம் அமைதியானது. நெருக்கடி நேரத்துத் தீர்மானம், ஆளணிப் பற்றாக்குறை, ரயர் என்று சொல்ல எத்தனையோ காரணங்கள் நாக்கில் வந்து நின்றன. அவை எல்லாம் உண்மைதான். ஆனால் அவர் கேட்டது காரணத்தை அல்ல, திகதியை. 2023 செப்டெம்பர் 1 என்றேன். அவர் விரல் விட்டு எண்ணி, ஏறத்தாழ இருபத்திரண்டு மாதம் என்று கூறி, அதைக் கூட்டறிக்கையில் பதியுமாறு தவிசாளரைக் கேட்டுக்கொண்டார். பதியப்பட்டது.

ஆகஸ்ட் முதல் இரண்டாவது சுற்று மீண்டும் நடைபெறும். சாரதி ஒருவரை நீர் வழங்கல் பகுதியிலிருந்து எடுக்கிறோம்; ரயருக்கான விலைமனுவை நாளை கோருகிறேன்.