அழிச்ச நாலாவது பாயிண்ட்

ஒரு கல்வி ஆராய்ச்சி ஜர்னல், வெளியிடலாமான்னு கருத்து கேட்டு ஒரு பேப்பரை எனக்கு அனுப்பினாங்க. அதுக்கான ரிவ்யூ ரிப்போர்ட்ல நாலு பாயிண்ட் எழுதியிருந்தேன், சப்மிட் பண்றதுக்கு முன்னாடி நாலாவதை அழிச்சுட்டேன். நடந்தது அவ்வளவுதான். ஆனா ஒன்றரை வருஷம் ஆகியும் மனசு அந்த இடத்துக்கே போய் நிக்குது, அதான் எழுதிப் பார்க்கிறேன்.

வந்த பேப்பர் இது. ரெண்டு செக்ஷன். ஒண்ணுல பசங்க கட்டுரை எழுதி, ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் படிச்சு கமெண்ட் போட்டு, அதை வச்சு திருத்தி எழுதுவாங்க. இன்னொண்ணுல வழக்கம்போல டீச்சர் மட்டும் திருத்துவாங்க. முன்னாடி ஒரு டெஸ்ட், பின்னாடி ஒரு டெஸ்ட், எந்த செக்ஷன் எவ்வளவு ஏறிச்சுன்னு ஒப்பிட்டுப் பார்க்க டி டெஸ்ட்ங்கற புள்ளியியல் கணக்கு. செக்ஷனுக்கு 40 பேர், மொத்தம் 80. ரிசல்ட், ரெண்டுக்கும் வித்தியாசம் இல்ல.

இந்தத் துறைல இருக்கிறவங்களுக்கு இதுல என்ன பிரச்சனைன்னு படிக்கும்போதே தெரிஞ்சிருக்கும். ஒரே கிளாஸ்ல உக்கார்ற பசங்களுக்கு ஒரே டீச்சர், ஒரே டைம்டேபிள், ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதற பழக்கம் எல்லாம் இருக்கும், அதனால அவங்க மார்க் சேர்ந்தே ஏறும் சேர்ந்தே இறங்கும், 80 மார்க்கை 80 தனித்தனி சாட்சியா எண்ணக்கூடாது. கணக்கு போட்டுக்கூட காட்டலாம். கிளாஸுக்குள்ள இருக்கிற அந்த ஒட்டுதலை, அதாவது இன்ட்ரா கிளாஸ் கோரிலேஷனை, 0.2ன்னு வச்சுக்கிட்டா டிசைன் எஃபெக்ட், அதாவது ஆள் எண்ணிக்கையை எத்தனையால வகுக்கணும்ங்கறது, 1 கூட்டல் 39 (40ல ஒண்ணு குறைச்சு) பெருக்கல் 0.2, அதாவது 8.8. 80ஐ 8.8ஆல வகுத்தா 9 பேர் சொச்சம். 80 பேரை வச்சு ஆராய்ச்சி பண்ணோம்னு நினைப்போம், கைல இருக்கிறது 9 பேரோட தகவல். இதுகூட ஒவ்வொரு பக்கமும் நிறைய கிளாஸ் இருந்தாத்தான். பக்கத்துக்கு ஒரே ஒரு கிளாஸ்னா எந்த மாடல் போட்டாலும் தப்பிக்க முடியாது, ஏன்னா வித்தியாசம் வந்தாலும் வரலைன்னாலும் அது முறையால வந்ததா அந்த டீச்சராலயா அந்த செக்ஷனாலயான்னு பிரிக்கவே முடியாது. புதுசா யாரோ கண்டுபிடிச்ச குறை இல்ல இது, கல்விப் புள்ளியியல் அறிஞர் லிண்ட்குவிஸ்ட் 1940லயே எச்சரிச்ச விஷயம்.

அதனால ரிஜெக்ட். இது சரியான முடிவுன்னு அன்னைக்கும் நம்பினேன், இன்னைக்கும் நம்பறேன்.

ஆனா மெத்தட் பகுதில, இந்த டிசைனை ஏன் எடுத்தோம்னு சொல்ற இடத்துல ஒரு பழைய பேப்பரைக் காட்டி, அதே முறையை பின்பற்றினோம்னு எழுதியிருந்தாங்க. அந்த பேப்பர் என்னோடது.

பிஎச்டி முடிச்ச புதுசுல எழுதினது. அதே ரெண்டு செக்ஷன், அதே டி டெஸ்ட். எனக்கு நல்ல வித்தியாசம் வந்துச்சு, பி வேல்யூ 0.05க்கு கீழ, வித்தியாசம் இருக்குன்னு ஏத்துக்க வழக்கமா வைக்கிற எல்லை அது. ரெண்டு ரிவ்யூவர் பார்த்தாங்க, ஒருத்தர் லிட்டரேச்சர் ரிவ்யூ இன்னும் கொஞ்சம் வேணும்னாரு, இன்னொருத்தர் டெஸ்டோட ரிலையபிலிட்டி கேட்டாரு, க்ரான்பாக் ஆல்ஃபா போட்டுக் கொடுத்தேன், அக்செப்ட் ஆயிடுச்சு. கிளாஸைப் பத்தி யாரும் கேக்கலை. எனக்கும் அப்போ தெரியாது. கிளாஸுக்குள்ள இருக்கிற ஒட்டுதலையும் கணக்குல எடுக்கிற மல்டிலெவல் மாடல் கத்துக்கிட்டது அதுக்கு நாலஞ்சு வருஷம் கழிச்சு. கத்துக்கிட்ட அன்னைக்கு முதல்ல ஞாபகம் வந்தது அந்த பேப்பர்தான், அதையும் சொல்லிடறேன். அப்போ எதுவும் பண்ணலை. எல்லாரும் அப்படித்தான் பண்ணிட்டு இருந்தாங்கன்னு மனசை ஆத்திக்கிட்டேன்.

அழிச்ச நாலாவது பாயிண்ட் கிட்டத்தட்ட இப்படி இருந்துச்சு: "நீங்கள் முன்மாதிரியாகக் காட்டும் கட்டுரையிலும் இதே குறை இருக்கிறது. அதை நம்பி இந்த வடிவமைப்பைத் தேர்ந்தெடுத்தது உங்கள் தவறு மட்டும் அல்ல." ரெண்டே வரி. அதை டைப் பண்ணிட்டு ரொம்ப நேரம் பார்த்துட்டு இருந்தேன். அப்புறம் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன், இது டபுள் பிளைண்ட், எழுதினவங்க யாருன்னு எனக்கும் நான் யாருன்னு அவங்களுக்கும் தெரியக்கூடாது, அந்த ஒரு பேப்பரை மட்டும் குறிப்பா இழுத்தா நான் யாருன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுடும், அது முறை இல்லன்னு. சொல்லும்போதே தெரியும் அது சாக்குன்னு. ஒரு பேப்பர்ல குறை இருக்குன்னு யார் வேணா சொல்லலாம், அதை எழுதினவன்தான் சொல்வான்னு எவனும் நினைக்க மாட்டான். சொல்லப்போனா அது என்னை நல்லாவே மறைச்சிருக்கும்.

அழிச்சுட்டு எடிட்டருக்கு மட்டும் போற கான்ஃபிடென்ஷியல் பாக்ஸைத் திறந்தேன். அங்கயாவது சொல்லியிருக்கலாம், இவங்க காட்டற முன்மாதிரி என்னோட பேப்பர், இவங்க ரிசல்ட் என் ரிசல்ட்டுக்கு எதிரா இருக்கு, நான் ரிவ்யூ பண்றது சரியான்னு பாருங்கன்னு. அங்க நான் எழுதினது "டிசைன்ல அடிப்படைக் கோளாறு, திருத்த முடியாது" மட்டும்தான். பப்ளிகேஷன் எதிக்ஸ் கமிட்டின்னு 1997ல ஆரம்பிச்ச அமைப்பு, கோப்னு சொல்லுவோமே, அவங்க ரிவ்யூவர்களுக்குன்னு வச்சிருக்கிற வழிகாட்டில போட்டி நலன், அதாவது முடிவுல நமக்குன்னு சொந்த லாப நஷ்டம், ஏதாவது இருந்தா சொல்லிடணும்னு தெளிவா இருக்கு. அதை வச்சு ரிசர்ச் ஸ்காலர்களுக்கு கிளாஸே எடுத்திருக்கேன் நான்.

என் பக்கமும் ஒரு நியாயம் இருக்குன்னு சில நாள் தோணும். எடிட்டர் என்னைப் பிடிச்சதே ரெஃபரன்ஸ் லிஸ்ட்ல என் பேரைப் பார்த்துத்தான் இருக்கும், பல எடிட்டர்கள் அப்படித்தான் ரிவ்யூவர் தேடறாங்க. பிளைண்ட் எல்லாம் எனக்கும் ஆத்தருக்கும் நடுவுலதான், எடிட்டருக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சே அனுப்பினாரு. அப்போ நான் எதை மறைச்சேன்? இந்த வாதம் ராத்திரில நல்லா நிக்குது, காலைல நிக்கறதில்ல. அவர் 200 பேப்பர் பார்க்கிறவர், என் பேரு தெரியும், என் பேப்பருக்குள்ள என்ன டிசைன்னு அவர் எடுத்துப் பார்த்திருப்பாரா?

அதுக்கப்புறம் ஒரு மாசத்துல அப்பீல் வந்துச்சு. எடிட்டர் எனக்கு ஃபார்வர்ட் பண்ணி "உங்க கருத்து?"ன்னு கேட்டாரு. ரொம்ப மரியாதையான லெட்டர், கோபம் ஒரு இடத்துலயும் இல்ல. கிளாஸ் பத்தின குறையை ஏத்துக்கறோம், லிமிடேஷன்ல எழுதறோம்னு இருந்துச்சு. கடைசில ஒரு கேள்வி, இதே முறையில வந்த ஒரு கட்டுரையை இந்தத் துறை ஏத்துக்கிட்டு இன்னைக்கும் மேற்கோள் காட்டுது, எங்களுக்கு மட்டும் அளவுகோல் ஏன் மாறுதுன்னு தெரிஞ்சுக்க விரும்பறோம்.

நான் ஒரே வரில பதில் போட்டேன். முன்னாடி ஒரு கட்டுரை வெளிவந்திருக்குங்கறது அந்த முறை சரிங்கறதுக்கு ஆதாரம் ஆகாது.

இந்த வரிதான் என்னை விட மாட்டேங்குது. ஒரு எழுத்துகூட தப்பு இல்ல இதுல. எங்க வேணா நின்னு திரும்பச் சொல்லுவேன். ஆனா அதைச் சொல்ற உரிமை எனக்கு இருந்ததுன்னா, அதே மூச்சுல அந்தக் கட்டுரையும் நம்பத்தக்கது இல்லன்னு சொல்லியிருக்கணும். அவங்க நேராக் கேட்டது அதைத்தான். நான் பொதுவா ஒரு விதியைச் சொல்லிட்டு நகர்ந்துட்டேன். அப்பீல் தள்ளுபடி ஆச்சு.

கூட வேலை பார்க்கிற ஒருத்தர்கிட்ட பேரு எதுவும் சொல்லாம மேலோட்டமா பேசிப் பார்த்தேன். "எடிட்டர் உங்களைக் கேட்டது அந்த பேப்பரைப் பத்தி, உங்க பேப்பரைப் பத்தி இல்லையே, ஏன் போட்டுக் குழப்பிக்கிறீங்க?"ன்னாங்க. "அவங்களுக்கு வித்தியாசம் வந்திருந்தா ரிஜெக்ட் பண்ணியிருப்பேனான்னு யோசிக்கிறேன் மேடம்"னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. "பண்ணியிருப்பீங்க"ன்னாங்க அப்புறம். என்னை சமாதானப்படுத்த சொன்னாங்களா நம்பித்தான் சொன்னாங்களான்னு தெரியலை. எனக்கே அதுக்கு பதில் தெரியலை. பண்ணியிருப்பேன்னுதான் நினைக்கிறேன், ஆனா மேஜர் ரிவிஷன்னு போட்டு இன்னும் ரெண்டு ஸ்கூல்ல பண்ணிப் பாருங்கன்னு சொல்லியிருப்பேனோ? அந்த சந்தேகம் போகலை.

அந்த பேப்பரை எழுதினவங்க பண்ணது ரெப்ளிகேஷன், அதாவது ஏற்கெனவே வந்த ஆராய்ச்சியைத் திரும்பச் செஞ்சு பார்க்கிறது. அந்த வார்த்தையை அவங்க எங்கயும் போடலை, ஆனா அதுதான். கல்வித் துறைல அது எவ்வளவு அபூர்வம்னு நம்ம எல்லாருக்கும் தெரியும், மேக்கல், பிளக்கர்னு ரெண்டு பேர் 2014ல கல்வி ஜர்னல்கள்ல முதல் 100ஐ எடுத்து அதோட மொத்த வரலாற்றையும் தேடினதுல ரெப்ளிகேஷன் கட்டுரைகள் 0.13 சதவீதம்தான் இருந்துச்சு. ஆயிரம் பேப்பருக்கு ஒண்ணு சொச்சம். என் பேப்பரை ஒருத்தர் நம்பி, அதை எடுத்து, பசங்களை வச்சு ஒரு டெர்ம் முழுக்க செஞ்சு பார்த்து, வரலைங்கன்னு நேர்மையா எழுதி அனுப்பியிருக்காங்க. அது என் கைக்கே வந்து சேர்ந்து அங்கயே நின்னு போச்சு.

இன்னொண்ணும் இருக்கு, இது சாதாரண கணக்கு. பல ஆராய்ச்சிகளோட முடிவைச் சேர்த்து சராசரி எடுக்கிற ஒரு மெட்டா அனாலிசிஸ்ல என் பேப்பர் ஒரு வரியா உக்காந்திருக்கு. அவங்களோடது அதுல இல்ல, வெளிவராததனால வரவும் வராது. ரெண்டுலயும் ஒரே குறை. ஒண்ணு சராசரியை மேல தூக்குது, இன்னொண்ணு இருந்திருந்தா கீழ இழுத்திருக்கும். உளவியலாளர் ரோசென்தால் 1979ல ஃபைல் ட்ராயர்னு பேரு வச்ச பிரச்சனை இது, வித்தியாசம் வராத ஆராய்ச்சி எல்லாம் மேஜை ட்ராயர்லயே தங்கிடும், வந்தது மட்டும் அச்சாகும்னு. இதுக்குக் காரணம் அவசரப்படற எடிட்டர்களும் பி வேல்யூ மோகமும்னுதான் எப்பவும் நினைச்சேன். சரியான காரணத்துக்காக ரிஜெக்ட் பண்ற ஒரு ரிவ்யூவரும் அந்த ட்ராயரை நிரப்பலாம்னு தோணினதே இல்ல. அதுக்காக குறையுள்ள பேப்பரை பாஸ் பண்ணியிருக்கணும்னு சொல்ல வரலை. அப்படி விட்டா பத்து வருஷம் கழிச்சு அவங்களையும் யாராவது முன்மாதிரியா காட்டுவாங்க. அப்போ என்னதான் பண்ணியிருக்கணும்னா, ரிவ்யூவே எடுத்திருக்கக் கூடாதுன்னு ஒரு நாள் தோணுது, எடுத்து நாலாவது பாயிண்டோட அனுப்பியிருக்கணும்னு அடுத்த நாள் தோணுது.

என் பழைய பேப்பர் வந்த ஜர்னலுக்கு ஒரு லெட்டர் டிராஃப்ட் பண்ணி வச்சிருக்கேன். சின்ன கணக்குத் தப்புன்னா கரெக்ஷன் போடுவாங்க, மோசடியோ முடிவையே கவுக்கற பெரிய பிழையோன்னா ரிட்ராக்ஷன், அதாவது கட்டுரையையே திரும்ப எடுத்துக்கறது. டிசைனாலயே இந்த முடிவைச் சொல்ல முடியாது, ஆனா அன்னைக்கு எல்லாரும் அப்படித்தான் எழுதினாங்கன்னா அதுக்கு என்ன தலைப்பு போடறதுன்னு அவங்களுக்கும் குழப்பமாத்தான் இருக்கும். அது பரவாயில்ல, எழுதி அனுப்பிடலாம். சிக்கல் வேற இடத்துல. லெட்டர்ல நான் வைக்கக்கூடிய பலமான ஆதாரம், இதையே இன்னொருத்தர் செஞ்சு பார்த்து வரலைங்கறதுதான். அதைச் சொல்ல முடியாது. ரிவ்யூவுக்கு வந்த கையெழுத்துப் பிரதி ரகசியம், அதுல இருந்து ஒரு வரிகூட எடுக்கக்கூடாது. அந்த விதியை மட்டும் நான் மீறப்போறதில்ல.

அது வேற ஜர்னல்ல வந்துட்டா சொல்லலாம். மாசத்துக்கு ஒரு தடவை அந்தத் தலைப்பைப் போட்டுத் தேடறேன். தலைப்பை மாத்தியிருப்பாங்களோன்னு முக்கியமான வார்த்தைகளை மட்டும் போட்டும் பார்க்கிறேன். இதுவரைக்கும் வரலை.