கல்யாணத்தைப் பண்ணி வைப்பது யாரு?

எங்கள் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகைகளில் 'தலைமை', 'முன்னிலை' என்று தலைப்புப் போட்டு, அதற்குக் கீழே ஒன்றியம், வட்டம், கிளை என்று ஒரு கூட்டத்தையே அடுக்கியிருப்பார்கள். அதில் பாதிப் பேர் முகூர்த்தம் முடிந்து பந்தியில் இலை போட்ட பிறகுதான் வந்து சேருவார்கள். ஆனாலும் மறுநாள் பேப்பரில் 'தலைமை தாங்கி நடத்தி வைத்தார்' என்றுதான் வரும்.

இந்த 'வை' வந்து ஒட்டினால் அது அடுத்தவருக்காகச் செய்து கொடுத்த காரியம் ஆகிவிடுகிறது. கல்யாணம் பண்ணியவர் மாப்பிள்ளை, பண்ணி வைத்தவர் வேறு ஆள். அந்த வேறு ஆள் யார் என்பதில்தான் குழப்பமே. "மூணு தங்கச்சிக்கும் அண்ணன்தான் பண்ணி வச்சான்" என்று ஆச்சி சொன்னால் நகை போட்டது, கடன் பட்டது எல்லாம் அவன். "எந்த ஐயர் பண்ணி வைக்காரு?" என்று அதே ஆச்சி கேட்டால் மந்திரம் சொல்லப் போகிறவரைக் கேட்கிறாள். ஒரே வினைச்சொல், ஒருத்தருக்குச் செலவு, இன்னொருத்தருக்குத் தட்சிணை.

அந்த 'ஐயர்' கூட ஆளுக்கு ஆள் மாறுவார். பாளையங்கோட்டை சர்ச் வட்டாரத்தில் மிஷனரியாக வந்த ரேனியஸ் ஐயர் காலத்திலிருந்தே ஐயர் என்றால் குருவானவர். சபையில் ஓலை வாசித்து, அதாவது கல்யாண அறிவிப்பைச் சொல்லி, அவர் முன்னால் உடன்படிக்கை சொன்னால்தான் கல்யாணம். யாருக்கு அதை நடத்தி வைக்க அதிகாரம் என்று 1872-ஆம் வருஷத்துக் கிறிஸ்தவத் திருமணச் சட்டமே சொல்லிவிடுகிறது, ஆக அங்கே நடத்தி வைப்பவர் இல்லாமல் காரியம் ஆகாது. மேலப்பாளையத்து நிக்காஹ் அப்படி இல்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத் குத்பா என்கிற உரையை ஓதுவார், துஆ என்கிற பிரார்த்தனை செய்வார், ஆனால் ஒப்பந்தம் பெண்ணுக்குப் பொறுப்பாளரான 'வலி'க்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில், சாட்சிகள் முன்னால் நடப்பது.

இந்துக் கல்யாணத்தில்தான் வேடிக்கை. 1928-இல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் புரோகிதர் இல்லாமல் சுயமரியாதைக் கல்யாணம் நடந்தது. இந்த மாதிரிக் கல்யாணம் செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்புறம் அண்ணா முதலமைச்சரானதும் 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்தார்கள், அதற்கு முன்னால் நடந்தவையும் செல்லும் என்று சேர்த்தே எழுதினார்கள். உறவினரோ நண்பரோ யாராவது இருக்க வேண்டும், இருவரும் தங்களுக்குப் புரிகிற மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும், அல்லது மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ போதும். நடத்தி வைக்க ஒரு ஆள் வேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை. சட்டம் அந்த நாற்காலியையே எடுத்துவிட்டது, நாம் புதுசாக ஒன்றை வாங்கிப் போட்டு வட்டச் செயலாளரை உட்கார வைத்துவிட்டோம், அவ்வளவுதான். எனக்கு அதில் பெரிய வருத்தம் எல்லாம் கிடையாது, பேச்சை மட்டும் கொஞ்சம் சுருக்கினால் நல்லது.

சாவு வீட்டில் 'தலைமை' கிடையாது. ஆனால் நிஜமாகவே நடத்தி வைக்கிற ஒருத்தர் இருப்பது அங்கேதான். குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வரும் நீர்மாலைக்கு எப்போது கிளம்ப வேண்டும், குடம் யார் எடுக்க வேண்டும், எந்தப் பேரன் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும், சம்பந்தி வீட்டுக் கோடித் துணி எப்போது விழ வேண்டும் என்று ஒவ்வொன்றையும், அழுதுகொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் இருக்கிற சனத்துக்கு நடுவில் நின்று வரிசை பிசகாமல் சொல்லிக் கொடுப்பவர், எங்கள் பக்கத்துப் பல ஊர்களில் ஊர் நாவிதர்தான். பெரிய மகனுக்கே அடுத்து என்ன செய்வது என்று தெரியாது, இவரைத்தான் பார்ப்பான். அப்படிப்பட்டவரைச் சின்னப் பயல்கள் கூட ஒருமையில் கூப்பிடுகிறார்கள். பதினாறாம் நாள் பத்திரிகையில் கொள்ளுப்பேத்தி பெயர் வரை அச்சாகிறது, இவர் பெயர் இருக்காது. 'நடத்தி வைத்தார்' என்று எழுத இவரைவிடப் பொருத்தமான எழுவாய் யார்?

இதைச் சித்தப்பாவிடம் சொன்னால், "அவருக்குத்தான் கூலி கொடுத்தாச்சுல்லா" என்கிறார். கோயில் கொடைத் திருவிழா நோட்டீஸில் வில்லுப்பாட்டுக்காரர், நையாண்டி மேளக்காரர் பெயரையெல்லாம் போட்டோவோடு போடுகிறோம், அவர்களுக்கும் கூலிதான் கொடுக்கிறோம் சித்தப்பா.